சதுரங்கத்துக்கு நான் விசில் வாங்கிக் கொடுத்த கதை

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுறேன். உடம்பைப் பத்திக் கேட்டா எனக்கும் உங்க அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்ல, முட்டி வலி அது பாட்டுக்கு இருக்கு, சாப்பாடு இறங்குது, தூக்கம் வருது, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட நல்லா இருப்பீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா போனை எடுத்தா உங்க அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்து என் கதையை அவளே சொல்லி முடிச்சிடுறா, அதுவும் சிரிச்சு சிரிச்சுச் சொல்றா, எனக்கு இது சிரிப்பா இல்லம்மா, நான் வசமா மாட்டிக்கிட்டிருக்கேன். முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடறேன், அடுத்த மாசம் ரெண்டு வாரம் உன் வீட்டுக்கு வரேன்னு சொன்னேன் இல்ல, அது நடக்காது. லீவு கொடுத்தாங்க, கொடுத்த லீவைத் திரும்ப வாங்கிட்டாங்க. காரணம் கேட்டா நீ நம்ப மாட்டே, செஸ்ஸுதான் காரணம்.

எங்க அட்டைப்பெட்டி ஃபேக்டரியில கேன்டீனுக்கு மேல ஒரு சின்ன ரூம் இருக்கே, நாலு டேபிள், ஒரு ஜன்னல், சுத்தாத ஃபேன், அங்கதான் பத்தொன்பது வருஷமா நானும் கேட்ல லாரிங்களை எடை போடுற நம்ம எடைமேடை மாமாவும் ஞாயித்துக்கிழமை காலையில ஆடுவோம், உனக்குத் தெரிஞ்சதுதான். எங்களோட சேர்த்து ஒன்பது பேர். ரூமுக்குள்ள யாரும் சத்தமாத் தும்மக்கூட மாட்டாங்க. இப்ப புதுசா ஒரு வெல்ஃபேர் ஆபீசர் வந்திருக்கார், முப்பது வயசு இருக்கும், கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா அவருக்கு எதைப் பார்த்தாலும் கூட்டம் வேணும். மீட்டிங்ல எழுந்து, ஃபுட்பால் பார்க்க ஐநூறு பேர் வராங்க, செஸ் பார்க்க ஒருத்தர்கூட வரதில்ல, அதனால அந்த ரூமை ஃபுட்பால் டீமுக்குச் சாமான் வைக்கக் கொடுத்திடலாம்னு சொன்னார். எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. சும்மா இருந்திருக்கலாம், இல்ல ஒழுங்கா நாலு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். நான் என்ன பண்ணேன் தெரியுமா, எழுந்து நின்னு நக்கல் அடிச்சேன். அதுக்கென்ன சார், செஸ்ஸையும் ஃபுட்பால் மாதிரி ஆக்கிடலாம், நடுவரு கழுத்துல விசில் மாட்டுங்க, ரொம்ப நேரம் யோசிக்கிறவனுக்கு மஞ்சள் அட்டை காட்டுங்க, சிப்பாய் வெட்டுப்பட்டா ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போங்க, களைச்சவனை வெளிய கூப்பிட்டு மாத்து ஆளை இறக்குங்க, டேபிள்ல இருந்து காய் கீழ விழுந்தா கோட்டுக்கு வெளிய நின்னு தலைக்கு மேல தூக்கி உள்ள எறியட்டும், வர்ணனைக்கு ஒரு மைக் போடுங்க, இருபது நகர்த்தல் முடிஞ்சதும் இடைவேளை விட்டு ரெண்டு பேரையும் பக்கம் மாறி உட்கார வைங்கன்னு மூச்சு விடாம சொன்னேன். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிச்சாங்க. ஆபீசர் மட்டும் சிரிக்கல. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தார். எழுதி முடிச்சு நிமிர்ந்து, பக்கம் மாறும்போது போர்டு திரும்புமா ஆள் திரும்புவாரான்னு கேட்டார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டுல எல்லாம் வந்துடுச்சு. கட்டிங் செக்‌ஷனுக்கும் டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்கும் அதிரடிச் சதுரங்கப் போட்டி, நான் சொன்ன அத்தனையும் புது விதியா, அடியில பெரிய எழுத்துல யோசனை வழங்கியவர்னு என் பேர். நான் ஓடிப்போய், சார் நான் கேலிக்குச் சொன்னேன்னு சொன்னா, உங்க அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்குங்கிறார். நான் இதுல இல்லைன்னா என்னன்னு கேட்டேன். அப்ப ரூமை ஃபுட்பாலுக்குக் கொடுத்திட வேண்டியதுதான்னு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ரூமைக் காப்பாத்தணும்னா கூத்தாடணும், கூத்தாடலைன்னா ரூம் போச்சு. இதுல கட்டிங் செக்‌ஷனுக்கு நான்தான் கேப்டன். எடைமேடை மாமா அந்த நோட்டீஸை ரெண்டு தடவை படிச்சாராம், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல, திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும், அந்த ஞாயித்துக்கிழமை வரவே இல்ல. அவர் வராத முதல் ஞாயிறு அதுதான். நான் காயெல்லாம் அடுக்கி வச்சு பன்னெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்துட்டு, திரும்பப் பெட்டியில போட்டுட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தா இங்க வேற கதை. வர்ணனைக்கு ஆள் வேணும், நல்ல குரலா இருக்கணும்னு ஆபீசர் தேடியிருக்கார், யாரோ உங்க அம்மாவைக் கை காட்டிட்டாங்க. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல நான் ஆடுறதை ஒரு நாளாவது வந்து பார்த்திருப்பாளா, இப்ப சமையல் பண்ணிக்கிட்டே கரண்டியை மைக்காப் பிடிச்சுப் பழகுறா. காய்ங்க பேரைச் சொல்லிக் கொடுத்தேன், மந்திரிங்கிற பேர் மட்டும் அவளுக்கு நிக்கவே இல்ல, கூர்த்தலைக்காரர்னுதான் சொல்வேன்னுட்டா.

இந்தப் பக்கம் மாறுற விதி இருக்கே, அதுலதான் எல்லாம் கெட்டுப் போச்சு. ஆபீசர் முடிவு பண்ணது, போர்டு அப்படியே இருக்கும், ஆளுங்கதான் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போகணும். அப்படின்னா முதல் பாதியில நான் ஜெயிக்கிற நிலைமையில இருந்தா இடைவேளைக்கு அப்புறம் அது எதிராளிக்குப் போயிடும், அவனோட ஓட்டை உடைசல் எனக்கு வரும். ஆக முதல் பாதியில எவன் நல்லா ஆடுறானோ அவன் முட்டாள். ரெண்டு செக்‌ஷன்லயும் எல்லாரும் எப்படித் தோக்கிறதுன்னு பயிற்சி எடுத்தாங்கம்மா, ராணியைக் கொண்டுபோய் இந்தா வெட்டு வெட்டுன்னு நீட்டுறான், எதிராளி கும்பிட்டு வேண்டாங்கிறான். நானும் பழகினேன். கேப்டன் ஆச்சே.

போட்டி நாள் கேன்டீன்ல நிக்க இடம் இல்ல, ஜன்னல் மேலெல்லாம் ஆளுங்க, ரெண்டு டிரம், நாற்பது கொடி. முதல் டேபிள்ல எனக்கு எதிரா யார் வந்து உட்கார்ந்தாருன்னு நினைக்கிறே, எடைமேடை மாமாதான். டிஸ்பாட்ச் மேனேஜர் அவரைக் கேட்காமலே பேர் கொடுத்திட்டார் போல, அவராலயும் மாட்டேன்னு சொல்ல முடியல. எட்டாம் நம்பர் பனியனை முழுக்கைச் சட்டைக்கு மேல போட்டுக்கிட்டு, யாரையும் பார்க்காம உட்கார்ந்திருந்தார். விசில் அடிச்சாங்க. நான் திட்டம் போட்ட மாதிரியே குப்பையா ஆடினேன், யானையை வெளிய விட்டேன், ராஜாவுக்கு முன்னால இருந்த சிப்பாய்ங்களைத் தூக்கி முன்னால தள்ளினேன். அவர் மட்டும், அந்த மொத்தக் கூட்டத்துல அவர் ஒருத்தர் மட்டும், ஒழுங்கா ஆடினார். ஞாயித்துக்கிழமை ஆடுற மாதிரியே, ஒவ்வொரு காயையும் பார்த்துப் பார்த்து வச்சார். டிரம் அடிக்குது, ஒரு சிப்பாய் வெட்டுப்பட்டதும் ரெண்டு பேர் அட்டையில செஞ்ச ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு ஓடி வராங்க, உங்க அம்மா மைக்குல, குதிரை சொல்லாமக் கொள்ளாம ரெண்டு வீடு தாண்டி மூணாவது வீட்டுக்குள்ள புகுந்துடுச்சுன்னு கத்துறா, ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, அவர் காது அசையல. இருபதாவது நகர்த்தல் முடிஞ்சுது. நான் போர்டைப் பார்த்தேன். அவர் குதிரையைக் கொடுத்தா மூணே நகர்த்தல்ல எனக்கு செக்மேட். அவ்வளவு அழகான நிலைமை எங்க பத்தொன்பது வருஷத்துல வந்ததில்லம்மா. அவரும் பார்த்திட்டார், கை குதிரைகிட்ட போயிடுச்சு, அப்பத்தான் இடைவேளை விசில் ஊதினாங்க. கையை அப்படியே எடுத்துக்கிட்டு எழுந்து என் நாற்காலிக்கு வந்தார், நான் அவர் நாற்காலிக்குப் போனேன்.

அவர் கட்டின வீட்டுல நான் போய்ச் சாவியோட உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. வேற ஏதாவது நகர்த்தினா அவர் மேல பரிதாபப்பட்ட மாதிரி ஆகும், அவருக்கு அது தெரியாமப் போகாது. குதிரையை நகர்த்தினா அவரோடதை நான் எடுத்துக்கிட்ட மாதிரி. யோசிச்சுக்கிட்டே இருந்தேன், நடுவர் வந்து எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார், நான் சொன்ன அதே அட்டை. பின்னாடி எங்க செக்‌ஷன் முழுக்க என் பேரைச் சொல்லிக் கத்துது. குதிரையை எடுத்து வச்சேன். மூணாவது நகர்த்தல்ல முடிஞ்சுது. என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க, அதுக்கு முன்னால அவர் கை கொடுத்துக்கிட்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இவ்வளவு நல்லா பார்க்கத் தெரிஞ்சவன் முதல் பாதியில ஏன் நீ என்கிட்ட அப்படி ஆடினேன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. மேல உட்கார்ந்து கையை ஆட்டிக்கிட்டே போனேன், உள்ள அழுகையா வந்துச்சு, யாருக்குத் தெரியும்.

போட்டி அமோக வெற்றின்னு ஆபீசர் சொல்லிட்டார், இனி மாசாமாசம் நடக்குமாம், அடுத்த மாசம் வெளி ஃபேக்டரிக்காரங்களும் வராங்களாம், அதனாலதான் என் லீவு போச்சு. ரூம் எங்களுக்கே கிடைச்சுது, ஆனா உள்ள போய்ப் பாரு, டிரம்மு, கொடிங்க, ஸ்பீக்கர், ஸ்ட்ரெச்சர், எல்லாத்தையும் அங்கதான் அடுக்கியிருக்காங்க, டேபிள் எங்க இருக்குன்னே தெரியல. ஒன்பது பேர்ல ஒருத்தரும் வரதில்ல. எல்லாரும் என்னைப் பார்த்தா கை தட்டுறாங்க, எனக்கு உட்கார ஒரு நாற்காலி இல்ல.

எடைமேடை மாமாகிட்ட ரெண்டு தடவை பேசப் போனேன், கேபின் கதவைத் திறக்கல, லாரி நிக்குது, வேலை இருக்குன்னு ஜன்னல் வழியா கை காட்டிட்டார். போன வியாழக்கிழமை மத்தியானம் லாரிங்க போயிட்டு வந்துட்டு இருக்கும்போது நான் நேரா போய் எடைமேடை மேல ஏறி நடுவுல நின்னுட்டேன். அதுல நின்னா உள்ள அவர் மெஷின்ல எடை காட்டும், அவர் பார்த்தே ஆகணும். ஸ்பீக்கர்ல, எண்பது கிலோ, வண்டியை எடுங்கன்னார். நான் இறங்கல. முதல் பாதியில நான் வேணும்னே தோத்தேன், உன்கிட்ட அப்படி ஆடியிருக்கக் கூடாது, தப்புதான்னு கத்தினேன். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், யார்டு முழுக்க வேடிக்கை பார்க்குது, இத்தனை நாள் அவங்க பார்த்ததுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல. அப்புறம் ஸ்பீக்கர்ல, ஞாயித்துக்கிழமை கேபினுக்கு வா, உள்ள ஒரு நாற்காலிதான் இருக்கு, உனக்கு ஸ்டூல் நீயே கொண்டு வரணும்னார். நான் இறங்கி லாரிக்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தேன். நேத்துதான் ஞாயிறு. ஒழுங்கா ஆடித்தான் தோத்துட்டேன், நாற்பத்தோரு நகர்த்தல், ரெண்டு பேரும் வாயைத் திறக்கல.

மத்தபடி நான் மாட்டினது மாட்டினதுதான், அடுத்த போட்டிக்கும் பேர் போட்டாச்சு. உங்க அம்மா மட்டும் தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிட்டு உன் வீட்டுக்கு வரப் போறா, டிக்கெட்டே எடுத்துட்டா, என்னை இங்க தனியா விட்டுட்டு. வரும்போது குட்டிக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொண்டு வரா, அளவு பெரிசா இருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடு. உன் ஆபீஸ்ல மீட்டிங்னா ஒண்ணு ஒழுங்கா பேசு, இல்ல சும்மா இரு, கோபத்துல கேலி மட்டும் பண்ணாதே, எழுதிக்கிறவங்க எங்கயும் இருக்காங்க. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு, நீண்ட ஆயுசோட இருக்கணும், எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்பவும் உண்டு. குட்டிக்கு முன்பல் ஆடுதுன்னு சொன்னியே, விழுந்ததும் அந்த ஓட்டை வாய் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மறந்துடாதே.

இப்படிக்கு, உன்னைப் பார்க்க வர முடியலையேன்னு ஏங்கிக்கிட்டிருக்கிற,
உன் அப்பா