கப்பை மட்டும் நீட்டினார்கள்

என் சுதாக் கண்ணு,

உனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டினார்கள், தெரியுமா? நர்சிங் முடித்தபோது எடுத்த போட்டோ, கீழே ‘எங்கள் அன்புச் சகோதரி’. நீ இருந்தவரை ‘ஊசி சுதா’ என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான். டியூட்டி முடிந்து கிளம்பும்போது உன் பையைத் திறந்து பார்க்காமல் அனுப்பாதவள்தான் முன்னால் நின்று காசு வசூலித்தாள்.

இதைப் பகிரங்கமாக எழுத ஒரே காரணம்தான். போன வாரம் கொரட்டூர் ஸ்டேஷனில் நம் ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டாஃப் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இன்னாக்கா, அந்த சுதா பொண்ணு திரும்பவும் ஊசி போட்டுகினுதானே போச்சாம்?” என்றாள். நான் உன் நாத்தனார் என்று சொன்னேன். ரயில் வந்துடுச்சு என்று எழுந்து ஓடினாள். அது அவள் போகவேண்டிய ரயில்கூட இல்லை.

அதனால் நாலு பேர் கேட்கும்படி உன்னிடமே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நீ போட்டுக்கொண்டாய். அதில் மறைக்க என்ன இருக்கிறது? நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனது. லீவு கேட்டால் முறைத்தார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் போட்டது போக மிஞ்சிய வலி ஊசியைக் கொட்டாமல் உனக்குப் போட்டுக்கொண்டாய். பிறகு மிஞ்சுவதற்காகக் காத்திருக்கவும் இல்லை. மேட்ரன் கையும் களவுமாகப் பிடித்தார். ஆனால் துரத்திவிடவில்லை, சிகிச்சைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது நிபந்தனைகள் இருந்தன. மருந்து அலமாரிச் சாவி உன் கைக்கு வராது. நீ வலி ஊசி போடும்போது இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நிற்பாள். எப்போது கூப்பிட்டாலும் போதை டெஸ்டுக்குக் கப்பில் சிறுநீர் கொடுக்க வேண்டும், அதுவும் கதவைச் சாத்தாமல், ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எனக்குப் பொறுக்கவில்லை. “என் தம்பி பொண்டாட்டி என்ன திருடியா?” என்று குதித்தேன். நீதான் சிரித்தாய்.

“திருடிதானே அக்கா. இந்த டெஸ்ட் இருக்கறதாலதான் என்னை நானே நம்பறேன். மாடிப்படிக் கைப்பிடி மாதிரி அது. அதப் போய் ஏன் பிடுங்கறீங்க?”

என் தம்பி முரளியைக் கட்டிக்கொண்ட பிறகு என்னை அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். ரெண்டு பேரும் நர்சாக வார்டில் பழகியபோது வந்த ‘அக்கா’வை நீ விடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தால், முரளி ஃபாக்டரி விட்டு வரும் வழியில் ஆவடி மார்க்கெட்டில் ஜிலேபி வாங்கி வருவான். எதற்கு இந்த வீட்டில் அடிக்கடி ஜிலேபி என்று குவார்ட்டர்ஸில் யாருக்கும் புரியாது. கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது சுதா. அதன் பக்கத்தில் நின்றவர்கள்தான் சரியில்லை.

நீ போன அந்த மத்தியானம் நான் ஆபரேஷன் தியேட்டரில் கையுறையோடு நின்றிருந்தேன். அடிவயிற்று வலியில் மடங்கிப்போன உன்னை முரளி ஆட்டோவில் போட்டு நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தான். நடந்ததை அவன்தான் சொன்னான். ஒரேயடியாகச் சொல்லவில்லை, பல நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக.

கேஷுவால்டி நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: “இன்னா சுதா, திரும்பவுமா?”

டியூட்டி டாக்டர் கிட்டேகூட வரவில்லை. “ஊசி வாங்க நல்ல டிராமா. முதல்ல யூரின் எடுத்து போதை டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் பாக்கலாம்.”

கப்பை நீட்டினார்கள். முரளி தாங்கிப் பிடிக்க, கதவு திறந்தபடி இருக்க, அந்த வலியோடு கொடுத்தாய். “எனக்கு ஊசியே வேணாம். நாள் தள்ளிப் போயிருக்கு, அதப் பாருங்க” என்று கெஞ்சினாயாம். அதற்கு அந்த நர்ஸ் சொன்ன பதிலை என் தம்பி இன்னும் தூக்கத்தில் சொல்கிறான்.

“ஊசி போட்டுக்கறவளுக்குத் தள்ளித்தான் போவும். எங்களுக்குத் தெரியாதா?”

கர்ப்பமா என்று பார்க்கிற கார்டு அந்த மேஜை டிராயரிலேயே கிடக்கும். வயிற்று வலி என்று எந்தப் பெண் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்போம். அதே கப்பிலிருந்து ரெண்டு சொட்டு விட்டால் போதும். உன் முகத்தைப் பார்த்ததும் அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போதை டெஸ்ட் முடிவு வந்தது, ஒன்றுமில்லை என்று. “அட, சுத்தமாத்தான் கீறா” என்று ஆச்சரியப்பட்டார்களாம். அதற்குள் உன் முகம் வெளுத்துவிட்டது. கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிறு முழுக்க ரத்தம்.

அடுத்து ஒரு எமர்ஜென்சி வருகிறது என்றார்கள். கத்தி, கத்தரியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“அக்கா, நான் போட்டுக்கல” என்றாய்.

வலிக்கிறது என்று சொல்லவில்லை. காப்பாற்று என்று கேட்கவில்லை. கடைசி மூச்சைக் கூடவா கணக்குச் சொல்லச் செலவழிப்பாய், பாவி? அதன் பிறகு நீ பேசவே இல்லை.

விசாரணை நடந்தது. உன் பழைய பழக்கத்தால் குழப்பம் ஏற்பட்டதாம், யார்மேலும் தவறில்லையாம். உன்னைக் கொன்றதற்கும் உன்னையே காரணம் காட்டிவிட்டார்கள். முரளிக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், “எப்படியும் தங்காத கருதானே தம்பி” என்றார். அவனும் தலையாட்டினான். அந்த டாக்டர் நல்ல சர்டிபிகேட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். அவன் இன்றைக்கு மனுஷனாக இருக்கிறானா என்று பார்க்க, அவன் முன்னால் யாரும் கப்பை நீட்டுவதில்லை.

இப்போது நம் வார்டில் ஜெனி என்று ஒரு பெண். உன்னைப் போலவே சிகிச்சை முடித்து வந்தவள். அவளைக் கண்காணிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முந்தாநாள் வேலைக்கு நடுவில் என் அறைக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் காலிக் கப். நான் அதைக் கேட்கவே இல்லை.

“முதல்ல இத முடிச்சுடலாம் சிஸ்டர். அப்புறமா எங்க வலிக்குதுன்னு சொல்றேன்.”

உன் சாவிலிருந்து இவள் கற்றுக்கொண்டது இதுதானா? கப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். அடிக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல, ஒரு அடி பின்னால் போனாள். படுக்க வைத்து, வயிற்றில் கை வைத்து, “எங்கம்மா வலிக்குது?” என்றேன். அவள் ஓவென்று அழுதாள். உன்னை யாரும் கேட்காத கேள்வி அது.

குடல்வால் வீங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். எழுந்து நடமாடட்டும், டெஸ்டும் எடுப்பேன், விடமாட்டேன். அது நீ சொன்ன கைப்பிடி. ஆனால் நான் இங்கே இருக்கும்வரை முதலில் வலி, பிறகுதான் கப். உன்மேல் சத்தியம். நீ போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிக்கொண்டே இருப்பேன், வேறு ரயிலில் ஏறி ஓடுகிறவளைத் துரத்திப்போயாவது.

நீ ஒருநாளும் அண்ணி என்று கூப்பிடாத
உன் நாத்தனார்,
விஜயா அக்கா