துவைக்கிற கல் யாருக்கு?

மாமா, தரையில குனிஞ்சே துவைச்சு இடுப்பை நிமிர்த்த முடியல. நீங்க தூங்கறீங்கன்னு எழுப்பாம வேலைக்குக் கிளம்பறேன். களி சட்டியில இருக்கு, குழம்பைச் சூடு பண்ணிக்குங்க. வெளியில போனா சாவியை பக்கத்து வீட்டு சுசித்ராகிட்ட குடுங்க.

முந்தாநாள் போர்வைக்குள்ள போன்ல பேசினதைக் கேட்டேன். "ஆத்துல களிமண் அள்ளி, சுட்டு செங்கல் ஆக்கிட்டேன். உங்க சுவத்துக்கும் தர்றேன்"னு சொன்னீங்க. நம்ம கொத்தனாரு திருட்டு மண்ணுல எறங்கிட்டாரோன்னு சுசித்ரா மகன் கணேஷ்குமார்கிட்ட கேட்டேன். போன்ல வீடு கட்டற விளையாட்டாம்! சிரிச்சுக்கிட்டே சொன்னான். சரி, "உங்க"ன்னா யாரு? எனக்கு ஒரு நாளும் நீங்க அப்படி மரியாதை குடுத்ததில்ல.

காலையில உங்க நெஞ்சு மேல கிடந்த போனை எடுத்துப் பாத்தேன். கட்டம் கட்டமா ஒரு செங்கல் வீடு. அஸ்திவாரம் இல்லாம வீடு கட்ட உங்களுக்கு வெக்கமில்லையா? பின்னாடி தண்ணித்தொட்டி, அதுக்குப் பக்கத்துல இடுப்பு உயரத்துக்குக் கல்லு அடுக்கி மேல ஒரு பலகைக்கல்லு. துவைக்கிற கல்லு எனக்குத் தெரியாதா? அந்தப் போனுக்குள்ள எவ துணி துவைக்கிறா?

நாச்சம்மாள்

மறந்துட்டேன், முட்டிக்குத் தைலம் ஜன்னல்ல இருக்கு.

இன்னொண்ணு. அந்தக் கல்லு எனக்குன்னு போட்டிருந்தா, போன்ல நான் துவைக்க முடியாது. இந்த மண்டி மொஹல்லா வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கே கொல்லையில போட்டுத் தர்றேன்னு சொன்னீங்க. ஒரு துவைக்கிற கல்லு நீங்க எனக்கு இன்னும் பாக்கி.