அக்கா இல்லாத கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் நாவலின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. பாத்திரங்களில் உயிர் இல்லை என்று பதிப்பகத்தில் திருப்பிவிட்டார்கள், யார் ஒட்டவில்லை என்று படித்துச் சொல் என்று கேட்டிருந்தாய். தையல் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் சட்டையைப் பிரித்துத் தைப்பவளிடம் கேட்கிறாயே என்று சிரித்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் தினமும் மாலையில் வாசித்தும் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

நாவலில் வரும் தாயிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால் பொங்கினால் அடுப்பைத் திட்டுவது, யாராவது இருமினால் தானும் தொண்டையைச் செருமுவது, எல்லாம் நம் அம்மாவேதான். மகன்தான் ஒட்டவில்லை. பதினொரு வருடம் எட்டிப் பார்க்காதவன் கடைசி அத்தியாயத்தில் மழையோடு வந்து, ஈர ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்கிறான். ஏன் வந்தான் என்று நீ எழுதவே இல்லை. உனக்கே தெரியாது போலிருக்கிறது.

அம்மா மட்டும் நம்பிவிட்டாள். ஞாபகம் விட்டுப்போன இடத்திலெல்லாம் உன் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. மழை பெய்தால் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு வாசலையே பார்க்கிறாள். கடைசியில் நான்தான் அதைக் குடிக்கிறேன்.

உன் கதையில் அந்தத் தாய்க்கு ஒரே பிள்ளை. அக்காவை எடுத்துவிட்டாய். படிக்கும்போது கோபம்தான் வந்தது. முந்தாநாள் தலை வாரிவிடும்போது அம்மா என் கையைப் பிடித்து, "யாரு பெத்த பொண்ணோ, எனக்கு இவ்வளவு செய்யுற. எனக்கு இருக்கறது ஒரே புள்ள. அவன் வந்ததும் உன்னப் பத்தி சொல்றேன்" என்றாள். சரிம்மா என்றேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நானே ஒரு மகளைச் சேர்த்து வாசித்தும் பார்த்தேன். அம்மா நிறுத்தி, "இது அவன் எழுதுனது இல்ல, நீயா சொல்ற" என்றாள். எனக்கு எழுத வரவில்லை, தம்பி.

டாக்டர் வாரக் கணக்குதான் என்கிறார். உன்னை வரச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, இனிக் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் ஒரு மகளும் இருந்தாள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. நல்லவளாகக்கூட வேண்டாம். சிடுமூஞ்சியாகவே எழுது, அம்மாவுக்கு அடையாளம் தெரியும்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இரு.

உன்
அக்கா