முன்வரிசைக்கு வந்த காற்று

திருச்சிராப்பள்ளி,
19-6-1937

பினாங்கில் இருக்கும் அன்பு மகன் தாஜுதீனுக்கு அத்தா அப்துல் சுக்கூர் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலம், அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். நீ கப்பலில் அனுப்பிய இரண்டு மின்சார விசிறிகளையும் நம் பள்ளிவாசலில் மாட்டியாயிற்று. இதைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும், எழுத முகமில்லை, இப்போதுதான் மனசு ஆறியிருக்கிறது.

கரண்டு வேலை பார்க்கும் பாக்கியநாதன் ஏணியில் ஏறும்போதே, "எங்க மாட்டணும்னு தொழவைக்கிற ஹஜ்ரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். நான் கேட்கவில்லை. உள்ளே வருகிறவர் கண்ணில் என் மகன் அனுப்பியது முதலில் படட்டும் என்ற பெருமையில் கூடத்து நடுவில் மாட்டச் சொன்னேன். போன வார வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்தவர்களெல்லாம் நடுவிலேயே நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள், முன்வரிசையில் மூன்றே பேர். முன்வரிசை நிரம்பாமல் பின்னால் நிற்கலாகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் வெயில் யாரை விட்டது. தொழவைக்க நின்ற ஹஜ்ரத் திரும்பிப் பார்த்து, "தொழ வந்தீங்களா, காத்து வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஜும்ஆவுக்குள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் மயங்கி விழுந்து பள்ளிக்கு வருவதையே விட்டிருந்த உன் மீரான் மாமா, விசிறி வந்ததென்று அன்றுதான் திரும்பவும் வந்திருந்தார். கழற்றினால் அவருக்கு என்ன சொல்வேன், உனக்கு என்ன எழுதுவேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஹஜ்ரத்திடமே போய் என் பெருமையால் வந்த தப்பு என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "விசிறியை முன்னாடி கொண்டு போங்க, ஆளும் முன்னாடி வரும்" என்றார். புதன்கிழமை பாக்கியநாதன் இரண்டையும் முன்வரிசைக்கு மேலே மாற்றினார், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனுஷர். மழைக்காலத்தில் இது எதற்கு என்று முத்தவல்லி இன்னொரு கேள்வி போட்டார், ஐப்பசியில் மெதுவாகச் சுற்றினால் பாய் ஈரவாடை அடிக்காது என்றேன், அதோடு விட்டுவிட்டார். நேற்று ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லுமுன்பே முன்வரிசை நிரம்பிவிட்டது, முதல் ஆள் உன் மீரான் மாமா. அவரைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. எனக்குக் கிடைத்தது கடைசி வரிசைதான், முதுகெல்லாம் வேர்வை, ஆனால் இத்தனை நிம்மதியாகத் தொழுது வெகு நாளாயிற்று.

வேலை வேலை என்று வெறும் வயிற்றில் இராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. அத்தாவுக்காகப் பின்வரிசைக்கும் ஒரு விசிறி அனுப்பச் சொல்லி உன் அம்மா எழுதச் சொல்கிறாள். மறந்தும் அனுப்பிவிடாதே, எல்லாரும் மறுபடி பின்னால் வந்துவிடுவார்கள்.

உனக்காக என்றும் துஆச் செய்யும் அத்தா,
அப்துல் சுக்கூர்