நாற்பத்தொன்றாம் எண் கப்பல்

நவம்பர் 6, வியாழன்

காலையில் தூறல். ஆற்றில் செந்தண்ணீர் வருவதாகப் பால்காரர் சொன்னார்.

செய்தவை: பொம்மை ரயில் மூன்றின் சுருள்வில்லுக்கு எண்ணெய். அலமாரிக் கண்ணாடி துடைத்தல். மாத்திரை வாங்க மறந்தேன்.

பத்தரைக்குப் பாளையங்கோட்டை. மலையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள். சாமான்களை ஒரு கல்யாண மண்டபத்தில் பரப்பியிருக்கிறார்கள். இன்று பார்வைக்கு. ஏலம் சனிக்கிழமை.

எண் 41: தகரக் கப்பல், ஒன்றரை அடி. சாவி கொடுத்தால் தண்ணீரில் ஓடும். ஜெர்மன் வேலை. நூறு வயதாவது இருக்கும். (இருக்குமா? அடிப்பக்க முத்திரை பாதி அழிந்திருக்கிறது. பூதக்கண்ணாடி கொண்டுபோகாதது என் தவறு.) உயிர்காப்புப் படகுகள் நான்கும் இருக்கின்றன. நான்கும்! இந்த வகைக் கப்பல்களில் முதலில் தொலைவது அவைதான்.

எண் 42: நீராவி ரயில் என்ஜின். பித்தளைக் கொதிகலன். கையில் தூக்கிப் பார்த்தேன், இரண்டு கிலோவுக்கு மேல். எனக்கு வேண்டாம்.

வாத்தியார் வேலையில் இருந்த காலம்தொட்டுப் பழைய பொம்மை சேர்க்கிறேன், ஏலத்தில் நான் நேராகக் கை தூக்கியதே இல்லை. பழைய சாமான் வியாபாரி இசக்கிமுத்து அண்ணாச்சி எடுப்பார், அவரிடம் நான் வாங்குவேன். போன வருடம் எனக்கென்று சொல்லிவைத்த நீராவிப் படகைச் சென்னைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "சார்வாள், நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த ஆனித் தேரே ஓடிரும்லா" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தக் கப்பலை நானே எடுக்கப் போகிறேன். கோமதியிடம் சொன்னேன். "நீங்களா? கல்யாணப் பந்தியில ரெண்டாந்தடவ அப்பளம் கேக்கவே கூசுவீங்களே" என்றாள். மனைவியே இப்படி.

நவம்பர் 8, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்து. வரிசையாக, நடந்தது மட்டும்.

1. 9.40. மண்டப வாசலில் இசக்கிமுத்துவும் ஆறு வியாபாரிகளும். அவர் மச்சினன் மாயாண்டி என் கையில் ஒரு டம்ளரைத் திணித்தான். "குடிங்க சார்வாள். அண்ணாச்சி டீ." மறுப்பது மரியாதையில்லை என்று பட்டது. குடித்தேன். சர்க்கரை அதிகம்.

2. எண் 41. இசக்கிமுத்து மட்டும் கேட்டார். நான் கை தூக்கினேன். குரல் வரவில்லை, கைதான் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். பந்திக்குள் மாடு நுழைந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. மூன்று முறை தூக்கினேன். அவர் நிறுத்திக்கொண்டார். கப்பல் எனக்கு.

3. மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் குழாயடி. ஆட்டோவுக்குக் குறுக்குவழி என்று நினைத்துப் போனேன். மாயாண்டி வந்தான். இருவர் மறைத்து நின்றார்கள்.

"எந்தக் கையில வே டீ வாங்கினீரு?"

வலது கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன்?

"எந்தக் கையத் தூக்கினீரு?"

அதே கை. ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். நான் கத்தவில்லை. கப்பல் இடது கக்கத்தில் இருந்தது. கீழே விடவில்லை. ஏலக்கணக்கு எழுதுகிறவர் ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. மண்டபப் படியில் விழுந்தேன் என்று கோமதியிடம் சொன்னேன். உடனே நம்பினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. வலி. கோமதி சாதத்தைப் பிசைந்து கொடுத்தாள்.

கடிகாரக் கடை வேலாயுதம் வந்தார். இசக்கிமுத்துவின் ஆறு பேரில் ஒருவர். என் வயது. கோமதி காப்பி போடப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டீயக் குடிச்சா நீரும் எங்க ஆளுன்னு அர்த்தம் வே. ஏலத்துல வெல ஏறாம இருக்க அண்ணாச்சி ஒருத்தர்தான் கேப்பாரு. மத்தவன் கை மடியில கெடக்கணும். பொறவு கிட்டங்கியில வச்சு எங்களுக்குள்ள தனி ஏலம். குடிச்சிட்டுக் கையத் தூக்கினா அது துரோகம்லா?"

"எனக்குத் தெரியாதே."

"உமக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். மாயாண்டிக்குத் தெரியணுமே. போன தடவ தூக்கினவன் அம்பாசமுத்திரத்துக்காரன். கம்பியால அடிச்சதுல ரெண்டு முட்டியும் போச்சு. செவ்வாக்கிழமை கப்பலக் கொண்டாந்து தனி ஏலத்துல வச்சிரும். இல்லன்னா மாயாண்டி இங்கன வருவான். வீட்டுல கோமதியம்மா வேற இருக்காவ."

அவர் போனபின் காவல் நிலைய வாசல் வரை நடந்தேன். 'டீ குடித்தீர்களா?' என்று கேட்டால் என்ன சொல்வது? குடித்தேன். தெரியாமல் என்றாலும் குடித்தேன். திரும்பிவிட்டேன்.

கொடுத்துவிடலாம். ஒரு தகரப் பொம்மைதானே. (இந்த வரியை மூன்று முறை எழுதி அடித்திருக்கிறேன்.)

நவம்பர் 11, செவ்வாய்

பதினொரு மணி. வண்ணார்பேட்டையில் இசக்கிமுத்துவின் கிட்டங்கி, பழைய சாமான் கிடங்கு. தகரக் கூரையில் பேய் மழை. பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

மேசையைச் சுற்றி அதே ஏழு பேர். முதலில் எண் 42, அந்த நீராவி என்ஜின். அது வேலாயுதத்துக்குப் போனது. மேசைமேலேயே இருந்தது. அடுத்து கப்பல்.

"சார்வாள் சாமான். அவரே ஆரம்பிக்கட்டும்" என்றார் இசக்கிமுத்து. கப்பலை மேசை நடுவில் நகர்த்தி வைத்தேன்.

மாயாண்டி குறடை எடுத்தான். "நல்லா இருந்தா வெல ஏறிக் கெடக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் எறக்கி விடுதேன்."

முதல் படகு. திருகிப் பிய்த்தான். தரையில் போட்டுச் செருப்பால் மிதித்தான். "இப்பம் கேளுங்கலே." சிரிப்பு.

இரண்டாவது. இதைப் பிய்க்கும்போது அவன் கப்பலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். "சார்வாள் அழுவுதாரு பாருங்கலே!" நான் அழவில்லை. மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

மூன்றாவது படகில் குறடை வைத்தான்.

என்ஜின் என் இடது கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை என எழுதத்தான் ஆசை. பொய். தெரியும். புகைபோக்கி அவன் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தேன். அதற்கு யோசனை வேண்டும். யோசித்தேன்.

முகத்தில் அடித்தேன். மண்டியிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது அடி கண்ணில் இறங்கியது, கையில் தெரிந்தது. மூன்றாவதும் அடித்தேன், எதற்கு? வேலாயுதம் தோளைப் பிடித்து இழுக்கும்வரை கை ஓங்கியபடியே இருந்தது. அவன் கத்தியது மழையில் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. ரத்தம் சிமெண்டுத் தரையில் ஓடி மழைத்தண்ணீரோடு சேர்ந்தது.

யாரும் என்னைத் தொடவில்லை. இசக்கிமுத்து, "கப்பல எடுத்துட்டுப் போங்க சார்வாள்" என்றார். வழிவிட்டு நின்றார்.

நசுங்கிய இரண்டு படகுகளையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சட்டையில் ரத்தம். விரல் கட்டிலிருந்து கசிந்தது என்று கோமதியிடம் சொன்னேன். நல்ல பசி. ஆறு இட்லி.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. வெயில். நன்றாகத் தூங்கினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

படகுகளை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தப் பார்த்தேன். ஒன்று பரவாயில்லை. மற்றதில் பெயிண்ட் உரிந்துவிட்டது.

வேலாயுதம் போன். மாயாண்டியின் இடது கண்ணை எடுத்துவிட்டார்களாம். ஏணியிலிருந்து விழுந்ததாக அவனே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறான். "கெழட்டு வாத்தியாருகிட்ட அடி வாங்கினேன்னு எவன் வே சொல்லுவான்? நீரும் வாயத் தொறக்காதேயும்."

திறக்கவில்லை. சாயங்காலம் மாத்திரை வாங்கினேன்.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். தண்ணீர் லாரி வரவில்லை.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் நடையில், திரைக்குப் பின்னால்.

"அம்மா, இது வாத்தியாரு வீடுதான? நான் மாயாண்டி வீட்டுக்காரி. ஏணியில இருந்து விழுந்து ஒரு கண்ணு போச்சுன்னு சொல்லுதாவ. ஏணியில விழுந்தா மூஞ்சியில ஒரே எடத்துல மூணு குத்தா விழும்? தூக்கத்துல 'சார்வாள் வேண்டாம், சார்வாள் வேண்டாம்'னு பொலம்புதாரு. கடைப்பக்கம் விசாரிச்சேன். சார்வாள்னா உங்க வீட்டுக்காரருதானாமே."

கோமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "ஏ தாயி, உனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? இந்த வீட்டுல பல்லி செத்துக் கெடந்தா நாந்தான் அள்ளிப் போடணும். அவரே படியில விழுந்து வெரல ஒடிச்சிட்டுக் கெடக்காரு."

"ஒரு தடவ வரச் சொல்லுங்கம்மா. சண்ட போட வரல. மூஞ்சியப் பாத்தாப் போதும், எனக்குத் தெரிஞ்சிரும்."

"ஏங்க!" என்று கோமதி கூப்பிட்டாள்.

நாலு எட்டு வைத்தால் வாசல். திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.

"தூங்குதாரு போல. ஏதாவது சாப்பிட்டியா நீ? மூஞ்சியே வாடிக் கெடக்கு."

அந்தப் பெண் ஒன்றும் வேண்டாம் என்றாள். கேட் சாத்தும் சத்தம்.

கோமதி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். "முழிச்சாச்சா? கேட்டீங்களா கூத்த? நீங்க அவ வீட்டுக்காரன் கண்ணக் குத்திட்டீங்களாம்!" சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரமமில்லாமல் வந்தது.