தொண்டைக்குக் கற்பூரவல்லி

ஜூன் 4

என் அன்பு அறிவிப்பாளருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒற்றை வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க மழையைப் பற்றி அளந்திருக்கிறீர்கள்.

இந்தப் பெட்டியில் ஒரு கற்பூரவல்லித் தொட்டி இருக்கிறது. இரண்டு இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் விட்டுக் காலையில் சாப்பிடுங்கள். காரமாக இருக்கும், முகத்தைச் சுளிக்காமல் விழுங்க வேண்டும். சளியும் இருமலும் அடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை போன் ஏன் வருவதே இல்லை? நாளெல்லாம் மைக்கில் ஊரையே கூப்பிட்டுப் பஸ் ஏற்றிவிடுகிற வாய்க்கு, பெண்டாட்டியைக் கூப்பிட நேரமில்லையா? இங்கேயே வந்துவிடு என்று நீங்கள் கேட்டபோது, நாற்றுப் பண்ணையை யார் பார்ப்பது என்று நான் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறதா? இருந்தால் போனில் திட்டுங்கள். அந்தக் குரலுக்காகத்தானே உங்களைக் கட்டிக்கொண்டேன். திட்டாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் செடிக்காரி

ஜூன் 15

அன்புள்ள செடிக்காரிக்கு,

தொட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க உன் கை வாசனை. சாறு குடித்தேன், காதுவரை காரம் ஏறியது. இருமல் குறைந்திருக்கிறது. டிக்கெட் கொடுக்கிற அம்மா பூச்சிக்கடிக்குத் தேய்க்க ஓர் இலை வாங்கிப் போனார். அரிப்பு நின்றதாம். உன் வைத்தியம் இங்கே பரவ ஆரம்பித்துவிட்டது.

காலை, மத்தியானம், படுக்கப் போகும்போது என்று தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். இருந்தும் இலை மஞ்சளாகிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?

கோபமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் பஸ் கிளம்பும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

உன் அறிவிப்பாளன்

ஜூன் 24

அன்புள்ளவருக்கு,

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அந்தச் செடிக்கு அவ்வளவு பாசம் ஆகாது, வேர் அழுகியிருக்கும். நல்ல நுனி ஒன்றைக் கிள்ளி வேறு மண்ணில் ஊன்றுங்கள். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். மூக்கடைப்பு இருந்தால் வெந்நீரில் நாலு இலையைக் கிள்ளிப் போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடியுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இது சளிக்கும் இருமலுக்கும் கேட்கும். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் இலையை நம்பி உட்காரக் கூடாது, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக் கையோடு ஓடுகிறேன். யாராவது ரோஜாக்கன்று விலை கேட்கிறார்கள். எனக்கு உங்களைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. என்னைப் பிடிக்காமல் போயிருந்தால், அதையாவது உங்கள் வாயால் சொல்லுங்கள்.

செடிக்காரி

ஜூலை 2

செடிக்காரிக்கு,

கண்டதையும் நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. டாக்டரிடம் காட்டினேன். சாதாரண தொண்டைப் புண்தான், ஆறிவிட்டது. குரல் இப்போது கணீரென்று இருக்கிறது. வேலை அதிகம், அவ்வளவுதான். நீ சொன்னபடி ஊன்றிய நுனி துளிர்த்திருக்கிறது.

உன் அறிவிப்பாளன்

ஜூலை 14

என்னவருக்கு,

போன சனிக்கிழமை பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்கே வந்தேன். உங்கள் முன்னால் வந்து நிற்கும் உத்தேசம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நம் ஊர் பஸ்ஸை நீங்கள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன்.

கூப்பிட்டது யாரோ ஒரு பெண். அடுத்த பஸ்ஸையும் அவள்தான் கூப்பிட்டாள். டிக்கெட் அம்மாவிடம் போய் உங்களைப் பற்றி விசாரித்தேன்.

"அவருக்குக் குரல் போய் ரெண்டு மாசமாச்சும்மா. தொண்டையில கட்டியாம், போன வாரம்தான் எடுத்தாங்க. கெட்ட கட்டி இல்லையாம், ஆனா பழைய குரல் வராதுன்னுட்டாங்க. இப்ப தொலைஞ்ச சாமான் கவுண்டர்ல இருக்காரு," என்றார். நீங்க யாரும்மா என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குடையைத் தொலைத்த ஒருவருக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். மெலிந்து போயிருந்தீர்கள். ஓடி வந்து சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாலு பேர் நடுவில், சிலேட்டும் கையுமாக உங்களைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். குரல் போனால் நானும் போய்விடுவேன் என்று என்னைப் பற்றி நினைத்துவிட்டீர்களே, அதற்காகத்தான் அழுதேன்.

பண்ணையை இனிமேல் தம்பி பார்த்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அங்கேயே இருக்க வருகிறேன். வேண்டாமென்றால் அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

உங்கள் செடிக்காரி

ஜூலை 18

என் செடிக்காரிக்கு,

வேண்டாமென்று எழுத மூன்று தாள்களை எடுத்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நீ எழுதிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். இல்லாவிட்டால் குரல் தானாகத் திரும்பும் என்று இன்னும் சாற்றையே குடித்துக்கொண்டிருப்பேன். அறை சின்னது. ஒரே ஜன்னல், ஆனால் காலை வெயில் நன்றாக வரும். எத்தனை தொட்டி வேண்டுமானாலும் கொண்டு வா.

இனி மெதுவாகப் பேசிப் பார்க்கலாம் என்று டாக்டர் நேற்று சொன்னார். இன்னும் யாரிடமும் பேசவில்லை. முதல் வார்த்தையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

உன்னவன்