மணல் அடைத்த பியூஸ்

மஸ்கட்

பொன்மணிக்கு,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? அய்யாவுக்கு இருமல் குறைஞ்சிருக்கா? உளுந்துக்கு இந்த மழை காணுமா? இங்கன எனக்கு ஒரு குறையும் இல்ல.

சாம்ராஜ் அண்ணாச்சி லீவுல ஊருக்கு வாராவ, அவியகிட்ட இதைக் கொடுத்து விடுதேன். நான் வீடியோவுல வரலைன்னு கோவப்படாதே. போன வாரம் கரண்டு சோதிக்கிற மீட்டருக்குள்ள பியூஸ் வெடிச்சிட்டு. புருவம் கொஞ்சம் பொசுங்கியிருக்கு, அவ்வளவுதான். பார்த்தா நீ சிரிப்பே.

அதுக்கு மணல் அடைச்ச பீங்கான் பியூஸ்தான் போடணும். ஷார்ட் ஆனா நெருப்பை உள்ளயே அமத்திரும். இந்தக் கம்பெனிக்காரனுக விலை குறைவுன்னு கண்ணாடி பியூஸைப் போட்டானுக. வெடிச்ச பிறகும் அதையேதான் மாட்டியிருக்கானுக. "ரெண்டுக்கும் ஆம்ப்ஸ் ஒண்ணுதானே, பேசாம வேலையைப் பாரு"ங்கான் சூப்பர்வைசர். நானே வாங்கலாம்னா கேம்பு கேட்டைத் தாண்ட விடமாட்டான். ஊருக்கு வந்துரலாம்னா பாஸ்போர்ட் அவன் பீரோவுல கிடக்கு.

மீட்டரோட வந்த பழைய பீங்கான் பியூஸை இந்தக் கவருக்குள்ள வச்சிருக்கேன். கோவில்பட்டியில மில்லுக்குச் சாமான் கொடுக்கிற எலக்ட்ரிக்கல் கடையில அதைக் காட்டி, அதே மாதிரி நாலஞ்சு வாங்கி அண்ணாச்சிகிட்ட கொடுத்து விடு. அம்மை கேட்டா ரேடியோவுக்குன்னு சொல்லு. கடலை மிட்டாயும் வை. பையில இடம் இல்லைன்னா மிட்டாயை எடுத்துரு.

அண்ணாச்சியைக் கூப்பிட வண்டி வந்துட்டு. அவிய திரும்பி வார வரைக்கும் எனக்கு அந்த மீட்டர்தான். லீவை நீட்டிராதீங்கன்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லு.

வேல்ராஜ்